கீழ்ப்பகுதி வறட்சி

"கண்ணுக்குக் கண்ணுன்னு பேரு. காதுக்குக் காதுன்னு பேரு. இதுக்கு மட்டும் ஏம்மா பேரு இல்ல?"

உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நின்றபடி ஐந்து வயது மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். தாய் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து மகளின் தலையில் ஊற்றி, "கண்ணை மூடு, சோப்பு போகும்" என்றாள். கேள்வி தண்ணீரோடு போய்விட்டது என்றுதான் நினைத்தாள். கேள்விகள் அப்படிப் போவதில்லை. எங்காவது ஒரு மூலையில் குந்திக்கொண்டு காத்திருக்கும். இது இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது.

அந்தத் தாய்க்கு இப்போது வயது ஐம்பத்தாறு. நலவாழ்வு மாளிகையின் அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அதனால் அச்சகத்தில் அவளுக்கு 'ஒற்றம்மா' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். நாளாக ஆகக் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நலவாழ்வு மாளிகை மக்களுக்கு நல்லது செய்வதற்கென்றே கட்டப்பட்டது. அடித்தளத்தில் அச்சகம். தரைத்தளத்தில் மருந்தகம். முதல் தளத்தில் ஊழியர் நலப் பிரிவு, இரண்டாம் தளத்தில் வறட்சி நிவாரணப் பிரிவு, உச்சியில் தலைவரின் அறை. மேலே போகப் போக நாற்காலிகள் மெத்தென்று ஆகும், வேலை குறையும், பேச்சு நீளும்.

ஒற்றம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. "விட்டது தொல்லை" என்றுதான் முதலில் நினைத்தாள். தொல்லை வேறு வாசல் வழியாக வந்தது. எரிச்சல், அரிப்பு, மணிக்கு ஒரு தரம் கழிவறை; போனால் நெருப்பை வார்த்ததுபோல் நீர். எட்டு மணி நேரம் உட்கார்ந்து செய்யும் வேலை அவளுடையது. நாற்காலியின் ஓரத்தில், கிளம்பப்போகிற விருந்தாளி மாதிரி, ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள். கவனம் எழுத்தில் நிற்கவில்லை. அந்த ஆண்டறிக்கையில் 'நலவாழ்வு' என்பது 'நலிவாழ்வு' என்றே அச்சாகிப் போய்விட்டது. மாளிகையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். இருபது ஆண்டு உழைப்பில் முதல் கறை. "இன்னொன்று இப்படிப் போனால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்" என்று முடிவு கட்டினாள்.

வீட்டிலும் அப்படித்தான். லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர் கட்டிலின் ஒரு பக்கம். இவள் மறுபக்கத்தின் விளிம்பில். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. சொல்வதற்கு இவளிடம் சொல் இல்லை.

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் டாக்டரிடம் போனாள். "டாக்டர், வந்து... கீழ..." என்று ஆரம்பித்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யோனியில வறட்சியா? எரிச்சலா? சிறுநீர் கழிக்கும்போதும் எரியுதா?"

ஒற்றம்மா மிரண்டுபோனாள். ஒருவர் அந்தச் சொல்லைச் சும்மா, 'காய்ச்சலா, இருமலா' என்பது போலச் சொன்னதை அன்றுதான் கேட்டாள்.

சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "மாதவிலக்கு நின்னதும் உடம்புல ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு போகும். அதனால அங்க தோல் மெலிஞ்சு, வறண்டு போகுது. சிறுநீர் எரிச்சலும் அதோட கூடப் பிறந்ததுதான். அந்த இடத்துலயே வெக்கற களிம்பு எழுதறேன். ரெண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை. மார்புல கட்டி, புற்றுநோய்னு எதாவது வந்திருக்கா? நின்ன பிறகு ரத்தம் பட்டுச்சா?"

"இல்லைங்க."

"நல்லது. அளவு ரொம்பக் குறைச்சல், ரத்தத்துல கலக்கறதும் சொற்பம். ஆனா போட்ட மறுநாளே சரியாகலையேன்னு விட்டுடாதீங்க. சில வாரம் ஆகும்."

"இந்த வயசுல இதுக்கெல்லாம் மருந்தான்னு..."

"கண்ணு வறண்டா சொட்டு மருந்து போடறோம். உதடு வெடிச்சா தடவிக்கறோம். இதுக்கு மட்டும் பொறுத்துக்கணும்னு யாரும்மா சொன்னது?"

சீட்டில் 'யோனி வறட்சி' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். நல்ல டாக்டர், ஆனால் கையெழுத்து புரிந்துவிட்டது. எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

அந்த ஊரில் ஹார்மோன் மருந்து எதுவானாலும் மாளிகையின் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும். மருந்தாளர் சீட்டைப் படித்தார். காது மடல் சிவந்தது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"ஹார்மோன்மா. பூட்டின அலமாரியில இருக்கு. பதினாலாம் நம்பர் படிவத்துல ஒப்புதல் வாங்கிட்டு வாங்க."

அவளுக்குப் பின்னால் நின்ற நரைத்த மீசைக்காரர் ஒருவர், "நமக்கு அந்த வீரிய மாத்திரை" என்றார். மருந்தாளர் திறந்த கூடையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துச் சிரித்தபடி நீட்டினார். அதற்குப் படிவம் கிடையாது. அது அத்தியாவசியப் பட்டியலில் இருந்தது.

முதல் தளத்து எழுத்தர் மிக நல்ல மனிதர். கூச்சம்தான் அவருடைய ஒரே குறை. அதுவும் மாளிகையின் விதிகளுக்கு உட்பட்ட கூச்சம். பதினாலாம் எண் படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். தலைப்பு: 'உறுப்பு பட்டியல்.' அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஒற்றம்மாவின் கை சிவப்புப் பேனாவைத் தேடும். 'உறுப்புப் பட்டியல்' என்று இருக்க வேண்டும். ஒரு 'ப்' இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக இல்லை. 'உள்ளது உள்ளபடி அச்சிடுக' என்ற மேலிடத்து உத்தரவு இருந்ததால் அவளால் கைவைக்க முடியவில்லை.

எழுத்தர் பட்டியலில் விரலை ஓட்டினார். "இதயம், ஈரல், கண், காது, கால், கை, தலை, தோல், பல், புரோஸ்டேட், முழங்கால், மூக்கு, வயிறு. இதுல இல்லையேம்மா."

"எது சார் இல்ல?"

"நீங்க எழுதியிருக்கற... அது."

"எது சார்?"

"அதுதாம்மா. அது." எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் முழங்கால்னு போட்டுடுவாங்கம்மா. டாக்டர் கிறுக்கலா எழுதியிருப்பாரு, நானும் முழங்கால்னு படிச்சுக்குவேன். போன வருஷம் மட்டும் நூத்தி நாப்பது பேரு."

உண்மைதான். ஆண்டறிக்கையில் 'பெண் ஊழியர்களின் முழங்கால் நிலை' என்று ஒரு அத்தியாயமே இருந்தது. அதை அவளே திருத்தியிருந்தாள். அந்த முழங்கால்களுக்காக மாளிகை ஒரு முகாம் நடத்தியது. உரையாற்றிய நிபுணர், நூற்று நாற்பது பேரும் விறுவிறுவென்று மாடியேறி வந்ததைக் கண்டு நெகிழ்ந்துபோய், மன உறுதியைப் பாராட்டினார்.

"சார், முழங்கால்னு போட்டா அது பிழையாச்சே" என்றாள் ஒற்றம்மா.

"பிழைதாம்மா. ஆனா படிவம் நிரம்பிடும்."

"பிழைன்னு தெரிஞ்சு கையெழுத்துப் போட எனக்கு வராது சார்."

எழுத்தர் பெருமூச்சு விட்டார். வெள்ளைத் திரவப் புட்டியை எடுத்து, 'யோனி வறட்சி' என்பதில் முன்சொல்லின் மேல் குழந்தைக்குப் பவுடர் பூசுவதுபோல் மெல்லப் பூசினார். மிச்சம் இருந்தது 'வறட்சி.' பாதிக்கப்பட்ட பகுதி என்ற கட்டத்தில் 'கீழ்ப்பகுதி' என்று தானே எழுதினார்.

"இதுல பிழை இருக்கா?"

ஒற்றம்மா இரண்டு முறை படித்தாள். ஒரு சொல் விடுபட்டிருந்தது. ஆனால் பிழை இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

மாளிகையில் ஒரு கோப்பு எங்கே போக வேண்டும் என்பதை அதன் தலைப்புதான் முடிவு செய்யும். 'பொருள்: கீழ்ப்பகுதி வறட்சி.' அனுப்புகைப் பிரிவுக்கு ஐயமே எழவில்லை. கோப்பு இரண்டாம் தளத்துக்கு ஏறியது.

பத்தாம் நாள் வறட்சி நிவாரண அலுவலர் அவளை அழைத்தார். எழுந்து நின்று வரவேற்றார். மாளிகையில் ஒரு விண்ணப்பதாரருக்காக நாற்காலி காலியானது அதுவே முதல் முறை.

"வாங்கம்மா, வாங்க! உங்களை மாதிரி ஒருத்தர் வர மாட்டாங்களான்னு ஏங்கிட்டிருந்தோம். மூணு வருஷமா விடாம மழை பெஞ்சு எங்க பிரிவையே கெடுத்துடுச்சும்மா. பிரிவை மூடிடலாம்னு மேல பேச்சு. நல்லவேளை, உங்களுக்கு வறட்சி."

"சார், இது தப்பா வந்திருக்கு. இது என் உடம்பு சம்பந்தப்பட்டது."

அலுவலர் கண்களை மூடித் திறந்தார். "நிலமும் ஒரு உடம்புதாம்மா. அப்படி நினைக்கறவங்க இந்தக் காலத்துல எங்க இருக்காங்க?" என்று நெகிழ்ந்து, ஒரு கேள்வித்தாளை நீட்டினார். "ஒரு கட்டம்கூடக் காலியா விடக்கூடாது. விட்டா கோப்பு முதல்லேர்ந்து நடக்கும்."

எரிச்சலோடு இன்னும் பத்து நாளா? அவள் பேனாவை எடுத்தாள். பொய் சொல்ல வராது. கட்டத்தை விடவும் கூடாது. ஆகவே உள்ளதை எழுதினாள்.

முன்பு பருவம் தவறாமல் வந்ததா? — ஆம், மாதம் தவறாமல்.

கடைசியாக வந்தது எப்போது? — ஐந்து ஆண்டுகளுக்கு முன்.

அதன் பிறகு ஈரப்பதம் எப்படி? — படிப்படியாகக் குறைந்தது.

இதுவரை கண்ட விளைச்சல்? — ஒன்று. பெண். வெளியூரில் வேலை.

தற்போது பயன்பாட்டில் உள்ளதா?

பேனா நின்றது. வெகுநேரம் கழித்து எழுதினாள்: நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

அலுவலர் படித்தார். "இவ்வளவு நேர்மையா இதை யாரும் நிரப்பினதில்லம்மா" என்று மூக்கை உறிஞ்சினார். "கள ஆய்வுக்கு உடனே ஆள் அனுப்பறேன்."

விடுமுறை நாள் காலையில் அவர்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கணவர் திறந்தார். கையில் அளவு நாடாவோடு ஒருவர் நின்றார்.

"வறட்சி பாக்க வந்திருக்கேன். கீழ்ப்பகுதியில."

"கீழ வேற ஆளுங்க குடியிருக்காங்களே. நாங்க மாடி."

"இல்லீங்க, உங்க சம்சாரம் பேருலதான் இருக்கு. பாதிக்கப்பட்ட பகுதியை அளந்துட்டுப் போயிடுவேன். அஞ்சு நிமிஷம்."

"எதை அளக்கணும்?"

ஆய்வாளர் கேள்வித்தாளை நீட்டினார். கணவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். பருவம், ஐந்து ஆண்டு, ஈரப்பதம், ஒரு பெண், வெளியூரில் வேலை. முதலில் புருவம் நெரிந்தது. 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்ற இடத்துக்கு வந்ததும் முகம் அப்படியே இளகிவிட்டது. உள்ளே கதவு மறைவில் நின்ற ஒற்றம்மாவுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"இந்தாங்க, இதை அளந்துக்கங்க" என்று கணவர் ஆய்வாளரை வெளித் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் ஒரு பூந்தொட்டியைக் காட்டினார். ஆய்வாளர் சுற்றளவும் உயரமும் எடுத்து, 'செடி ஒன்று, வாடிய நிலை' என்று குறித்துக்கொண்டு, திருப்தியோடு போனார்.

கணவர் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் என்மேலதான் ஏதோ கோவம்னு நினைச்சேன்" என்றார்.

"உங்கமேல என்னங்க கோவம்?"

"அதான் தெரியல. அஞ்சு வருஷமா யோசிச்சுப் பாத்தேன். உன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு அழுக்குச் சட்டையோட வந்தேனே, அதுவான்னு."

ஒற்றம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. "வலிக்கும்னு பயந்தேங்க. சொல்ல வெக்கம்."

"இதுல என்ன வெக்கம்? ஒரு லிஃப்ட்டு கம்பி வறண்டு கிறீச்சுன்னு சத்தம் போட்டா, நான் லிஃப்ட்டையா திட்டறேன்? எண்ணெய் விடறேன்."

"நான் லிஃப்ட்டா?"

"உதாரணம் சொன்னேம்மா."

"உதாரணத்தைப் பாரு, ஆளைப் பாரு" என்று அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு வெகுகாலமாகியிருந்தது. மாளிகை தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அது, தெரியாமல் செய்தது.

அடுத்த புதன்கிழமை, அவள் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. "கீழ்ப்பகுதிக்கு ஒன்பதாயிரம் லிட்டர். எங்க ஊத்தணும்?" என்று ஓட்டுநர் கேட்டார். ஒற்றம்மா பதில் சொல்வதற்குள் தெரு முழுவதும் குடமும் வாளியுமாகக் கூடிவிட்டது. கீழ் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு, "உங்க கஷ்டம் எங்களுக்கு நல்லதாப் போச்சு மேடம்" என்று வாழ்த்தினார். பெற்றுக்கொண்டதாக அவள் கையெழுத்துப் போட்டாள்.

தெருவே குளிர்ந்திருந்த அன்றைக்குத்தான் அவளுக்கு எரிச்சல் பொறுக்க முடியாமல் போனது. அச்சகத்துக்கும் தரைத்தளக் கழிவறைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தாள். நான்காவது முறை திரும்பும்போது மருந்தகத்துச் சாவியம்மா வழியை மறித்தாள். அலமாரிச் சாவிகளைக் காப்பதும் தரை துடைப்பதும் அவள் வேலை. ஒற்றம்மாவைவிட நாலைந்து வயது மூத்தவள்.

"என்னம்மா, முழங்காலா?"

"இல்லக்கா."

"அப்ப முழங்காலேதான்" என்று சாவியம்மா கண்ணைச் சிமிட்டினாள். "இந்தக் கட்டடத்துல பொம்பளைங்களுக்கு வேற உறுப்பே கிடையாதே. நான்கூட மூணு மாசம் முழங்காலுக்கு அலைஞ்சுதான் வாங்கினேன். நீயும் அப்படி எழுதித் தொலைக்கறதுதானே? படிச்சவ, சாமர்த்தியம் இல்லையே."

"பிழைன்னு தெரிஞ்சு எழுத வரலக்கா."

சாவியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுடைய இடுப்பில் பூட்டிய அலமாரியின் சாவி தொங்கியது. அதை அவள் தொடவில்லை. நம்பிக் கொடுத்த சாவி. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த தன் துணிப்பையை எடுத்து, உள்ளே துழாவி, ஒரு சின்ன அட்டைப்பெட்டியை ஒற்றம்மாவின் கையில் திணித்தாள்.

"பிரிக்காதது. எடுத்துட்டுப் போ."

"உங்களுக்கு?"

"எனக்கு வீட்டுல இன்னொண்ணு இருக்கு. போம்மா, யாராவது வரப்போறாங்க."

டாக்டர் சொன்னபடியே நடந்தது. இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாரம் எரிச்சல் தணிந்தது. ஆறாவது வாரம், பிற்பகல் ஒரு மணிக்கு, 'மேற்படி' என்பது 'மெற்படி' என்றிருந்ததைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்தாள். பிடித்த பிறகுதான் தெரிந்தது, நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது. கடவுளுக்கு நன்றி சொன்னாள். கூடவே சாவியம்மாவையும் நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை சாவியம்மாவைப் பார்த்தாள். முக்காலியின் ஓரத்தில், ஒட்டியும் ஒட்டாமலும், கிளம்பப்போகிற விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள் அந்த அம்மாள். அப்படி உட்காருவது எதனால் என்று ஒற்றம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"முழங்கால்" என்றாள் சாவியம்மா. இந்த முறை கண்ணைச் சிமிட்டவில்லை.

வீட்டில் இன்னொன்று இருந்ததே இல்லை.

அன்றிலிருந்து ஒற்றம்மாவுக்கு ஒரே நினைப்பு: தன் பெயரில் ஒப்புதல் வர வேண்டும், வந்ததும் அது சாவியம்மா பைக்குப் போக வேண்டும். இதுவரை சும்மா காத்திருந்தவள் தினமும் இரண்டாம் தளத்துக்கு ஏறி இறங்கினாள். கடைசியில் உச்சித் தளத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒன்பதாயிரம் லிட்டர் ஊற்றியும் ஈரப்பதம் திரும்பவில்லை என்று விண்ணப்பதாரர் சொல்வதால், குழு கூடி விசாரிக்கும்.

குழுவில் ஐந்து ஆண்களும் ஒரு காலி நாற்காலியும் இருந்தார்கள். நாற்காலி பெண் உறுப்பினருடையது. அவர் ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. "பெண்களின் இடத்தை நாங்கள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை" என்று தலைவர் பெருமையோடு சுட்டிக்காட்டினார். பிறகு கேட்டார்: "உங்க கோப்புல குழப்பமா இருக்கும்மா. தண்ணி வந்துச்சு. பூந்தொட்டியும் நனைஞ்சுதாம். இன்னும் எது வறண்டிருக்கு?"

ஒற்றம்மா ஒருமுறை காலி நாற்காலியைப் பார்த்தாள். அதனிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

"யோனி" என்றாள்.

ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருவர் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் எச்சில் விழுங்கினார். ஒருவர் சன்னல் வழியாக வானிலையைக் கவனித்தார். குறிப்பெடுத்தவர், 'விண்ணப்பதாரர் இரண்டெழுத்தில் ஒன்று கூறினார்' என்று எழுதினார்.

தலைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். எழுந்தால் அவருக்குப் பேச்சு மேடைத் தமிழாகிவிடும்.

"அம்மா! இந்த மாளிகை பெண்களை மதிக்கிறது. மதிப்பதால்தான் அந்த உறுப்பைப் பட்டியலில் சேர்க்கவில்லை. காது, மூக்கு போன்ற மதிப்பில்லாத உறுப்புகளையே சேர்த்திருக்கிறோம். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு பெண்ணும் அதைப் பற்றிப் புகார் செய்ததில்லை. ஏன்? எழுதுவதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் புகார் இல்லை. புகார் இல்லாததால் நோய் இல்லை. இதைத்தான் நாங்கள் நிர்வாகம் என்கிறோம். முழங்காலைப் பாருங்கள், எவ்வளவு கண்ணியமான உறுப்பு! மேலும் ஒரு தகப்பன் போலக் கேட்கிறேன், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?"

தலைவர் அவளைவிட ஆறு வயது இளையவர்.

"உக்காந்து வேலை பாக்கறதுக்கு சார்" என்றாள் ஒற்றம்மா. "எரியாம ஒண்ணுக்குப் போறதுக்கு. வீட்டுக்காரரோட நிம்மதியா இருக்கறதுக்கு. படைச்சவன் கூச்சப்படாமத்தான் சார் படைச்சிருக்கான். பட்டியல் போட்டவங்களுக்குத்தான் கூச்சம்."

 ஓரமாக உட்கார்ந்திருந்த வறட்சி நிவாரண அலுவலர் துள்ளி எழுந்தார். இந்தக் கோப்பு நலப் பிரிவுக்குப் போய்விட்டால் தன் பிரிவு மூடப்படும் என்ற நியாயமான அச்சம் அவருக்கு.

"ஐயா, வறட்சி எங்க இருந்தாலும் அது எங்க வறட்சிதான். அந்தக் களிம்பு டியூபை 'ஈரப்பதம் மீட்கும் பொருள்'னு காட்டி நாங்களே குடுத்துடறோம்."

ஐவர் முகத்திலும் ஒளி வந்தது. சொல்லைச் சொல்லாமலே மருந்தைக் கொடுக்க வழி பிறந்துவிட்டது. ஒருமனதாக ஒப்புதல்; காலி நாற்காலி எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

தலைவர் பதினாலாம் எண் படிவத்தில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார்.

"சார்," என்றாள் ஒற்றம்மா, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு. தலைப்புல ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கு. 'உறுப்புப் பட்டியல்'னு இருக்கணும். உத்தரவு இல்லாம நாங்க தொட முடியாது."

தலைவரின் முகம் வெளுத்தது. உண்மையான துயரம் அதில் தெரிந்தது. "ஒற்றா? பத்தொன்பது வருஷமாவா?" என்று நெஞ்சில் கையை வைத்தார். "வெளியில தெரிஞ்சா மாளிகையோட மானம் என்னத்துக்கு ஆகும்! ஒரு எழுத்தைக்கூட விட்டுவிடும் மாளிகை அல்ல இது!"

அங்கேயே, அவர் கையாலேயே, உத்தரவு எழுதப்பட்டது: 'மேற்படி படிவத்தில் விடுபட்டவை அனைத்தையும் சேர்த்து உடனே மறு அச்சிடுக.'

ஒற்றம்மா அந்தத் தாளைப் படித்தாள். எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிழையே இல்லை.

மறுநாள் படிவத்தின் மெய்ப்பு அவள் மேசைக்கு வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து முதலில் தலைப்பில் 'ப்' சேர்த்தாள். பிறகு பட்டியலுக்கு இறங்கினாள். அகர வரிசைப்படி எந்தச் சொல் எங்கே வர வேண்டும் என்பது அவளுக்குக் கைவந்த கலை. மகரத்துக்குப் பின் யகரம், அதற்கும் பின்தான் வகரம். 'மூக்கு'க்கும் 'வயிறு'க்கும் நடுவே விடுபடல் குறி போட்டாள்; பக்க ஓரத்தில் அந்த இரண்டு எழுத்தை எழுதினாள்.  நுரையோடு நின்ற ஒரு சின்ன உருவம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

திருத்திய பக்கம் திரும்ப வந்தது. 'மூக்கு, யோனி, வயிறு.' அச்சு எந்திரத்துக்கு இந்தச் சொல்லில் ஒரு கூச்சமும் இருக்கவில்லை. மற்றச் சொற்களைப் போலவே, அதே மையில், அதே பருமனில் அடித்திருந்தது. 'சரி' என்று குறித்து அனுப்பினாள். மேலே யாரும் படித்துப் பார்க்கவில்லை. மேலே யாரும் எப்போதும் எதையும் படித்துப் பார்ப்பதில்லை என்பது அன்றைக்கு ஒரு நன்மையாக முடிந்தது.

வாரக் கடைசியில் அவளுக்கு டியூப் வந்தது. 'ஈரப்பதம் மீட்கும் பொருள், ஒன்று' என்று ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தாள். வீட்டில் இருந்ததில் இன்னும் பாதிக்குமேல் மீதி இருந்தது. அது தீர்ந்தால் இனிப் படிவம் இருக்கிறது. படிவத்தில் சொல் இருக்கிறது.

மறுநாள் காலை அரை மணி முன்னதாகவே மாளிகைக்குப் போனாள். மருந்தகம் திறந்திருந்தது. சாவியம்மா தாழ்வாரத்தின் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு தரை துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பானை இரண்டு முறை தள்ளுவாள், நிற்பாள், மறுபடி தள்ளுவாள். துணிப்பை ஆணியில் தொங்கியது.

ஒற்றம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். புதிய படிவத்தின் ஒரு தாளில், சொற்கள் வெளியே தெரியும்படி மடித்துச் சுற்றியது. துணிப்பையின் வாயைச் சத்தமில்லாமல் விலக்கி உள்ளே வைத்தாள்.

பை ஆணியில் லேசாக ஆடியது. அது நிற்பதற்குள் அவள் அச்சகத்துப் படியில் இறங்கியிருந்தாள்.